கூர்வளைவுக் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் கோபுரத்தின் உயரம் 192 அடி என்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட நாளிலேயே மனப்பாடம். திருச்செந்தூர் பக்கம், தேரிக்காட்டு மெஞ்ஞானபுரத்தில் உள்ள தூய பவுல் ஆலயக் கோபுரத்துக்கும் சொல்லப்படுகிற உயரம் அதே 192 அடி. சிவகாசிப் பக்கத்துத் தாயில்பட்டியில் நின்றால் ஒன்று வடமேற்கே, மற்றது தெற்கே. அடிக்கணக்கில் இரண்டும் சமம். நிற்கிற விதத்தில்தான் ஏழாம் பொருத்தம்.

ஆண்டாள் கோவில் கோபுரம் ஒரு மலை மாதிரி. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும். நிலைக்கு நிலை உள்ளே ஒடுங்கிக்கொண்டே போகும். எடை முழுவதும் நேராகக் கீழே இறங்குகிறது, பக்கவாட்டில் யாரையும் தள்ளுவதில்லை. மெஞ்ஞானபுரத்துக் கோபுரம் ஊசி. மேலே போகப் போக மெலிந்து, வானத்தில் ஒரு புள்ளியாக முடிகிறது. பாளையங்கோட்டையில் இதே சாயலில் உள்ள ஆலயத்தை இன்றைக்கும் ஊர்க்காரர்கள் ஊசிக்கோபுரம் என்றுதான் சொல்கிறார்கள். கீழே ஆலயத்துக்குள் போனால் சன்னலும் வாசலும் கூர்வளைவு, அதாவது உச்சியில் முனை வைத்த ஆர்ச். இந்த ஊசியும் இந்த முனையும் கோதிக் என்ற பாணியின் அடையாளங்கள்.

பாரிஸ் நகரத்துக்கு வெளியே செயின்ட் டெனிஸ் மடத்தில் 1140 முதல் 1144 வரை நடந்த கட்டுமானத்தைத்தான் கோதிக்கின் தொடக்கமாக வைப்பார்கள். இங்கே இரண்டாம் குலோத்துங்கச் சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ நானூறு ஆண்டு ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்துவிட்டு, பிறகு கிரேக்க, ரோமானியப் பாணிகள் திரும்பி வந்தபோது கோதிக் பழங்கதையாகிப்போனது. அதை 19-ஆம் நூற்றாண்டு தூசிதட்டி எடுத்தது. 1834-இல் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீயில் எரிந்ததும், புதிய கட்டடம் கோதிக்காகவோ எலிசபெத் காலத்துப் பாணியிலோதான் இருக்க வேண்டும் என்று போட்டி அறிவித்தார்கள். வென்றவர் சார்லஸ் பேரி. அவருக்கு நுணுக்க வேலைகளை வரைந்து கொடுத்தவர் அகஸ்டஸ் பியூஜின். அங்கிருந்து அந்த அலை ஆங்கிலேயர் போன இடமெல்லாம் போயிற்று. மும்பையில் விக்டோரியா டெர்மினஸ் என்ற பெயரில் கட்டிய ரயில் நிலையம் அதன் மிகப் பெரிய இந்தியச் சாட்சி. சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையம், சாந்தோம் பேராலயம் என்று பட்டியல் நீளும். நம் ஊர்க்காரர்கள் சென்னைக்கு ரயிலேறினால் எழும்பூரில் இறங்கிவிடுவதால் சென்ட்ரலை நின்று பார்ப்பது குறைவு.

எனக்கு இதில் பிடித்த இடம் மும்பை அல்ல, தென்கோடி. சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம்தான். அந்தத் திருநெல்வேலிச் சீமையில் மிஷனரிகள் கட்டிய ஆலயங்களில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கோதிக் என்பது ஓர் அலங்காரமாகப் பிறக்கவில்லை. ஒரு கட்டுமானச் சிக்கலுக்குக் கிடைத்த விடை அது. விடை மட்டும் கடல் தாண்டி இங்கே வந்தது. கேள்வி அங்கேயே தங்கிவிட்டது.

கேள்வி என்ன என்பதை இரண்டு காலண்டர் அட்டைகளை வைத்தே பார்த்துவிடலாம். சிவகாசிப் பக்கம் அதற்கா பஞ்சம்? இரண்டையும் மேசைமேல் கூரைபோல ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துங்கள். செங்குத்தாகச் சாய்த்தால் நிற்கும். கொஞ்சம் படுக்கவிட்டால் அடி விலகி, சறுக்கி விழும். எடை அதே எடைதான். சாய்வு குறையக் குறைய, அடிப்பாகம் வெளியே உதைக்கிற விசை கூடுகிறது. எந்த வளைவும் இப்படித் தன்னைத் தாங்கும் சுவரை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டேதான் இருக்கும். வளைவுக்கு உறக்கமே கிடையாது என்று இந்தியர்கள் சொல்வதாக, 19-ஆம் நூற்றாண்டில் இந்தியக் கட்டடங்களைப் பற்றி விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் குறித்து வைத்தார். நம் கோவில் ஸ்தபதிகள் வளைவைத் தொடாமல் தூண்மேல் உத்திரம் என்ற முறையிலேயே நின்றதற்கு அது ஒரு நியாயம். அதற்கும் விலை உண்டு. கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும் அளவில் ஒரு சிறு பங்கைத்தான் இழுவிசையில் தாங்கும். கல் உத்திரம் நீண்டால் அடிப்பக்கம் விரிசல் விடும். ஆகவே தூணுக்குத் தூண் நெருக்கம். ஆயிரங்கால் மண்டபத்தில் அழகு எவ்வளவு உண்டோ, கல்லின் இந்தப் பலவீனமும் அவ்வளவு உண்டு.

ஐரோப்பியர் வளைவைப் பிடித்துக்கொண்டார்கள். உதையைக் குறைக்க வழி, உயரத்தைக் கூட்டுவது. பரவலான சுமை தாங்கும் வளைவுக்கு ஒரு தோராயச் சூத்திரம் உண்டு: அடிக்கு இவ்வளவு என்று வரும் சுமையை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் பக்கவாட்டு உதை. 20 அடி அகலம், அடிக்கு 1 டன் சுமை என்று வைத்துக்கொள்வோம். அரைவட்ட வளைவுக்கு உயரம் 10 அடி. உதை 5 டன். அதே அகலத்தில் சமபக்கக் கூர்வளைவு போட்டால் உயரம் 17.3 அடி, உதை 2.9 டன்தான். வளைவின் சொந்த எடையைச் சேர்த்தால் எண்கள் மாறும், போக்கு மாறாது.

ஆனால் கூர்வளைவின் உண்மையான சாமர்த்தியம் உதையைவிடக் கயிற்றில் இருக்கிறது. அரைவட்டம் போட ஒரு முளை போதும். அகலம் முடிவானால் உயரமும் முடிவாகிவிடும், பத்தடி வாசலுக்கு ஐந்தடி உயரம், பேச்சே இல்லை. கூர்வளைவுக்கு இரண்டு முளை. அந்த முளைகளை உள்ளே வெளியே நகர்த்தினால் எந்த அகலத்துக்கும் எந்த உயரமும் வைக்கலாம். 6 அடி அகல வளைவும் 10 அடி அகல வளைவும் ஒரே 8 அடி உயரத்தில் முடிய வேண்டும் என்றால்? கொத்தனார் முதலாவதற்குக் கயிறை 12 அடி 2 அங்குலம் விட வேண்டும். முளை வாசல் அகலத்துக்கு வெளியே போய்விடும். இரண்டாவதற்கு 8 அடி 11 அங்குலம் போதும். முளை உள்ளே வரும். பாதி அகலத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, முழு அகலத்தால் வகுத்தால் இந்தக் கயிற்று நீளம் வந்துவிடும். நீள்சதுரமான ஒரு கட்டத்தின் அடுத்தடுத்த பக்கங்கள் வெவ்வேறு அகலத்தில் இருந்தாலும் கூரை ஒரே மட்டத்தில் சந்திக்க முடிந்தது இதனால்தான். அப்படிச் சந்தித்த கூரையின் எடை முழுவதும் நான்கு மூலைக்கு வடிந்தது. மூலைகளை வெளியிலிருந்து முட்டுச்சுவர் கொடுத்துத் தாங்கிவிட்டால் நடுவிலுள்ள சுவருக்கு வேலையே இல்லை. வேலையில்லாத சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். கோதிக்கின் கேள்வி இதுதான்: இருட்டு நாட்டில் கல் கட்டடத்துக்குள் வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவருவது?

இன்னொரு நுணுக்கம். ராபர்ட் ஹூக் 1675-இல் ஒரு விதியைக் கண்டு சொன்னார்: தொங்கும் சங்கிலியின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் அதுவே நிற்கும் வளைவின் சரியான வடிவம். சங்கிலியைச் சும்மா தொங்கவிட்டால் அடியில் முனை வராது; வழவழப்பான வளைவுதான் வரும். நடுவில் ஓர் எடையைக் கட்டித் தொங்கவிட்டால்தான் முனை வரும். கூர்வளைவு உச்சியில் பாரம் கேட்கிற வடிவம் என்பது இதிலிருந்து தெரிகிறது. உச்சி வெறுமையாக இருந்தால் பக்கங்கள் உள்ளே அமுங்க, முனை மேலே கிளம்பப் பார்க்கும். இடைக்காலக் கொத்தர்கள் கூரை விலாக்கள் சந்திக்கும் உச்சியில் செதுக்கு வேலையோடு ஒரு கனமான கல்லை வைத்தது அழகுக்கு மட்டும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஹூக்குக்கு ஐந்நூறு ஆண்டு முன்னாலேயே கை அறிந்திருந்த கணக்கு அது.

இனி, அந்தத் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடி. அங்கே ஆலயம் கட்டிய மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை நாம் மொழியறிஞராகத்தான் அறிவோம்; திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. அவர் இளமையில் டப்ளினில் ஓவியக்கலை படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1838-இல் சென்னையில் இறங்கி, 1841-இல் இடையன்குடிக்கு வந்து, 1847-இல் அங்கே தூய திரித்துவ ஆலயத்தைத் தொடங்கினார். முடிந்தது 1880-இல். முப்பத்து மூன்று ஆண்டு. பணம் வரும்போது சுவர் உயரும், பணம் நின்றால் சுவரும் நிற்கும். கோதிக் சன்னலை முன்பின் பார்த்திராத கொத்தனார்களுக்குக் காகிதப் படம் விளங்காது என்று, வேண்டிய வடிவங்களைக் களிமண்ணில் தாமே மாதிரி செய்து கொடுத்தார் என்பார்கள். எனக்கு அந்த ஆலயத்தைப் பற்றிய செய்திகளிலேயே இதுதான் பெரிது. தட்டையான வரைபடத்தில் ஒரு சன்னலின் வெளிக்கோடு தெரியும். கல் எவ்வளவு ஆழம் உள்ளே வாங்க வேண்டும், விளிம்பு எங்கே உருள வேண்டும் என்பது தெரியாது. சுதையிலும் சிலையிலும் ஊறிய கைக்குக் களிமண் மாதிரியே போதும். இலக்கண ஆசிரியர் அந்த இடத்தில் கொத்தனாரின் மொழியைக் கற்றுக்கொண்டார். 1891-இல் கொடைக்கானலில் இறந்த அவரது உடல் அடக்கமானதும் அந்த ஆலயத்தில்தான்.

அதே 1880-இல் ஜெர்மனியில் இன்னொரு ஆலயமும் முடிந்தது. 1248-இல் தொடங்கி, 16-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டு, அரைகுறைக் கோபுரத்தின் மேல் ஒரு பாரந்தூக்கி பல நூற்றாண்டு அப்படியே நிற்க, 1842-இல் மறுபடி வேலை தொடங்கிய கொலோன் பேராலயம். 157 மீட்டர், அன்றைக்கு உலகத்திலேயே உயர்ந்த கட்டடம். அதன் முகப்புக்கு இடைக்காலத்தில் வரைந்த படத்தின் ஒரு பாதி 1814-இல் தற்செயலாகக் கிடைத்தது, கால்டுவெல் பிறந்த அதே ஆண்டு. மறுபாதி 1816-இல் பாரிசில் கிடைத்தது. பழைய படத்தைப் பார்த்துப் பழைய முறையிலேயே கட்டினோம் என்று ஜெர்மானியர் பெருமைப்பட்டார்கள். கூரைக்குள் இரும்புச் சட்டத்தை வைத்து மூடிவிட்டதைப் பெரிதாகப் பேசவில்லை. லண்டன் செயின்ட் பேன்க்ராஸ் ரயில் நிலையத்திலும் கதை அதேதான்: முன்னால் கோதிக் ஓட்டல், பின்னால் ஏறத்தாழ 240 அடி அகலத்துக்குத் தூணே இல்லாத இரும்புக் கூரை. அந்தக் கூரையும் மெல்லிய முனையோடுதான் வளைகிறது, ஆனால் அதன் உதையை முட்டுச்சுவர் தாங்கவில்லை. நடைமேடைக்கு அடியில் ஓடும் இரும்பு உத்திரங்கள் இரண்டு காலையும் இழுத்துக் கட்டிவைத்திருக்கின்றன. வசதிக்கோ கட்டுமானத்துக்கோ முறைமைக்கோ தேவையில்லாத எதுவும் கட்டடத்தில் இருக்கக் கூடாது என்று போதித்த பியூஜினின் பாணி, அவர் போதித்ததற்கு நேர்மாறாக வேடம் கட்டத் தொடங்கியிருந்தது.

நம் ஊர் வெயிலிடம் இந்த வேடம் பலிக்குமா? 1845-இலேயே இங்கிலாந்தில் பெஞ்சமின் வெப் என்ற பாதிரியார் இதை யோசித்தார். வெப்ப நாடுகளில் கோதிக் கட்டினால் பெரிய சன்னல் ஆகாது. தடித்த சுவரும் சிறு திறப்பும் வைத்துக் குகைபோலக் கட்ட வேண்டும் என்பது அவர் முன்வைத்த வழிகளில் ஒன்று. வெளிச்சத்துக்காகப் பிறந்த பாணியைக் குகையாக்கச் சொன்னால் பிறகு அதில் மிச்சம் என்ன? கேலியாகத் தோன்றினாலும் கணக்கு அவர் பக்கம். டிசம்பர் கடைசியில் கொலோனில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 16 பாகை அளவுகூட ஏறாது. ஜூனில் 62 பாகை. தாயில்பட்டியில் டிசம்பரிலேயே 57 பாகை! நம் குளிர்காலச் சூரியன் அவர்களுடைய கோடைச் சூரியனுக்குப் பக்கத்தில் நிற்கிறது. சித்திரையிலும் ஆவணியிலும் நேரே தலைக்கு மேலே வந்துவிடும்.

இங்கே தற்செயலாக ஒரு நன்மை நடந்தது. ஆலயத்தின் பலிபீடத்தைக் கிழக்கே வைப்பது பழைய மரபு. அப்படி வைத்தால் கட்டடம் கிழக்கு மேற்காக நீளும், நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். உச்சி வெயில் அந்தச் சன்னல்களுக்குள் அதிகம் நுழையாது, கூரையில்தான் விழும். காலை மாலைச் சாய்வெயில் படுகிற கிழக்கு, மேற்குச் சுவர்கள் குறுகலானவை. செங்குத்துக் கூரை ஐரோப்பாவில் பனியைச் சறுக்கிவிட உதவியது. இங்கே சூடான காற்று தலைக்கு மேலே வெகு தூரம் ஏறிப்போக இடம் கொடுத்தது. யோசித்துச் செய்யாததும் சில நேரம் பலன் தரும். மாலை வெயிலை முழுசாக வாங்குகிற மேற்கு முகப்புச் சன்னலை மட்டும் எந்த மரபும் காப்பாற்றவில்லை.

சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. விருதுநகர் பக்கம் ஆர்.ஆர். நகர் சிமென்ட் ஆலையும் பந்தல்குடிச் சுரங்கமும் இருப்பதால் சுண்ணாம்புக்கல் நமக்குப் புதிதல்ல. கல்லைச் சுமார் 900 பாகைக்குச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். நீற்றித் தண்ணீரோடு குழைத்துப் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவைத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். சிமென்டைப்போல நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில், தடிமனான சுவரில் ஆண்டுக்கணக்கில். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது நம் கொத்தர் வழக்கம். இந்த மெத்தனம் வளைவுக்கு ஒரு வரம். சென்ட்ரிங் பலகையை எடுத்ததும் வளைவு லேசாக இறங்கும், கால்கள் ஒரு நூல் விலகும். முற்றாக இறுகாத சுண்ணாம்பு அந்த அசைவுக்கு இடம் கொடுத்து, பிறகு இறுகும். அவசரமாக இறுகிய சிமென்டாக இருந்தால் விரிசலாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு வகையில், இடையன்குடி ஆலயத்தை இழுத்து இழுத்துக் கட்டியதும் சுவர்களுக்கு நல்லதுதான்.

ஊசிக்கோபுரம் கட்டியவர்கள் வெளிப்படையாகப் பேசாத ஒரு சங்கடம் இடி. ஊரிலேயே உயரமான முனை அது. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இடி இடிக்கும்போது மணியடித்தால் விலகிப்போகும் என்று நம்பி, கோபுரத்தில் கயிறு பிடித்தபடியே செத்த மணியடிப்போர் பலர். பட்டாசு ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய கதை வேறொன்று. 1769-இல் இத்தாலியின் பிரெசியா நகரில் வெடிமருந்துக் கிடங்கில் இடி விழுந்தது. நகரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. அந்தச் சேதி கேட்டுப் பதறிய பிரிட்டிஷ் படைத்துறை, இங்கிலாந்தின் பர்ஃப்ளீட்டில் இருந்த தன் வெடிமருந்துக் கிடங்கை எப்படிக் காப்பது என்று 1772-இல் ராயல் சொசைட்டியைக் கேட்டது. சொசைட்டி அமைத்த குழுவில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் இருந்தார். இடிதாங்கியின் முனை கூராக இருக்க வேண்டும் என்றார். குழுவிலேயே இன்னொருவர், பெஞ்சமின் வில்சன், கூர்முனை இடியை வீட்டுக்கு அழைக்கும், குமிழ்தான் வேண்டும் என்று சண்டை பிடித்தார். கூர்முனை வைத்தார்கள். 1777-இல் அந்தக் கட்டடத்தில் இடி விழுந்து கொஞ்சம் சேதமானதும் வில்சன் பக்கம் மன்னர் மூன்றாம் ஜார்ஜே சேர்ந்துகொண்டார். அமெரிக்கப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், ஃப்ராங்க்ளின் எதிரி நாட்டுக்காரர். 2000-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மூர் குழுவினர் அமெரிக்க மலையுச்சியில் செய்த சோதனையின் முடிவை வெளியிட்டார்கள்: மிதமாக மழுங்கிய முனைகளே இடியைச் சிறப்பாக வாங்கின. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி. முனையின் வடிவத்தைவிட, அங்கிருந்து மண்ணுக்கு இறங்கும் கம்பி அறுபடாமல் இருப்பதுதான் உயிரைக் காக்கிறது. தாயில்பட்டி, வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகளின் மருந்து அறைக்கும் ஊசிக்கோபுரத்துக்கும் இந்த ஒரு விதி பொது.

இன்றைக்கு நம் பகுதிக் கிராமங்களில் புதிதாக எழும் ஆலயங்களிலும், ஏன், சில கல்யாண மண்டபங்களிலும்கூடக் கூர்வளைவைப் பார்க்கிறோம். பிளைவுட்டில் வெட்டிய அச்சு, உள்ளே கம்பி, மேலே கான்கிரீட். கம்பி இழுவிசையைத் தாங்கிக்கொள்வதால் அந்த வளைவு யாரையும் அதிகம் உதைப்பதில்லை. சில இடங்களில் அது நேரான லிண்டலின் மேல் பூசிய வெறும் கோடு. எது நிஜமாகப் பாரம் சுமக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பூச்சு பெயர்ந்த இடத்தில் செங்கல்லைப் பார்த்தால் போதும். வளைவை ஒட்டியுள்ள செங்கற்களின் இணைப்புகள் வளைவோடு சேர்ந்து சாய்ந்து, ஒவ்வொன்றும் முளை அடித்த புள்ளியை நோக்கித் திரும்பியிருந்தால் அது சுமக்கிறது. இணைப்புகள் எல்லாம் படுக்கைவசமாக ஓடி, வளைவு மட்டும் நடுவில் செதுக்கியதுபோல இருந்தால், பாரத்தை வேறு யாரோ சுமக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே மறைந்திருக்கும் முறுக்குக் கம்பி.